திருடனுக்கு வைத்த போன்

என் அண்ணி ரொமுவால்டா தன் நிழலையே நம்பாதவள். அவளைக் குறை சொல்லியும் பயனில்லை. எங்கள் மேட்டுக் குடியிருப்பில் எல்லாரிடமும் இரண்டு போன் இருக்கும். ஒன்று பேச, ஒன்று திருடனுக்குக் கொடுக்க. கொம்பி வேனில் ஏறித் துப்பாக்கியை நீட்டுகிறவனிடம் ஒன்றும் இல்லை என்று கையை விரித்தால் அடிதான் விழும். அதனால் கண்ணாடி உடைந்த பழைய போன் ஒன்று கைப்பையில் கிடக்கும், நல்ல போன் ரவிக்கைக்குள் போய்விடும். அண்ணி இதிலும் ஒரு படி மேலே. முன்பின் தெரியாதவர்கள் எண் கேட்டால் திருடன் போனின் எண்ணைத்தான் கொடுப்பாள்.

அந்த வாரம் என் அண்ணன் கான்ராடோ ஆஸ்பத்திரியில் கிடந்தான். வயிற்றில் கட்டி. ரத்தம் கொடுக்க ஆளைக் கூட்டிவந்தால்தான் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணனுடையதோ லேசில் கிடைக்காத வகை. எனக்குச் சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்ததால் என்னைத் தள்ளிவிட்டார்கள், அண்ணியின் ரத்தம் சேரவில்லை. கடைசியில் நான் வேலை செய்யும் தோர்த்தியா ரொட்டிக் கடைக்கு வரும் ஒரு அம்மாள், லெயோபார்டோ என்று ஒரு வெல்டிங் பட்டறை ஆளைச் சொன்னாள். அதே வகை ரத்தமாம், கொடுக்கச் சம்மதமாம். நாங்கள் அவனைப் பார்த்ததுகூட இல்லை.

"சும்மா ரத்தம் குடுக்கிறவன் எவன்டி இந்தக் காலத்துல?" என்றாள் அண்ணி. "பின்னாடி ஏதோ இருக்கு." அவனுக்குப் போனது திருடன் போனின் எண். ஆஸ்பத்திரி விதிப்படி வெறும் வயிற்றோடு வியாழக்கிழமை காலை வாசலுக்கு வந்துவிடுவதாக அவன் சொன்னான். ரத்தம் வாங்கும் ஜன்னலைப் பத்து மணிக்கு மூடிவிடுவார்கள். அன்றைக்குத் தவறினால் அண்ணனின் முறை வேறொருவருக்குப் போய்விடும். அடுத்த முறை எப்போது என்று டாக்டருக்கே தெரியாது.

கொம்பியில் போனால் மூன்று இடத்தில் மாற வேண்டும். அதனால் புதிதாக விட்டிருக்கும், கூப்பிட்டால் வரும் சின்ன பஸ்ஸைப் போனில் கேட்டேன்.

"எங்க ஏறுறோம், எங்க இறங்குறோம்னு எல்லாத்தையும் நாமளே எழுதிக் குடுக்கணுமா? கடத்துறவனுக்கு வேலை மிச்சம்!" என்றாள் அண்ணி. ஏறும்போது ஒவ்வொருவரும் போனில் வந்த குறியீட்டைக் காட்ட வேண்டும் என்றதும் இன்னும் கடுகடுத்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, நல்ல போனை வெளியே எடுத்துக் காட்டிவிட்டு, மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பினாள்.

"அம்மா, சீக்கிரம். நான் பாக்கல," என்றார் டிரைவர் எவாரிஸ்டோ.

"நீ பாக்கலன்னு உனக்குத்தான தெரியும்!"

கொம்பி தன் பாதையை விட்டு விலகினால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஸ்டியரிங் டிரைவரின் கையில் இல்லை, அவன் கழுத்தில் கத்தி இருக்கிறது. நடக்கப் பழகும்போதே கற்றுக்கொள்ளும் பாடம் அது. இந்த பஸ்ஸுக்கோ பாதையை விட்டு விலகுவதே வேலை. டிரைவருக்கு முன்னால் இருந்த திரை சொன்ன பக்கமெல்லாம் திரும்பியது. மாதா கோவிலுக்குப் பின்னால் திரும்பி, தமாலே கொழுக்கட்டை வாளியோடு நின்ற ஒரு கிழவியை ஏற்றியது. அண்ணி சிலுவை போட்டுக்கொண்டாள்.

அடுத்து, மூடிக்கிடக்கும் சிமெண்ட் குழாய் ஆலையின் பின்சந்துக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் மதில், ஒரு நாய்கூட இல்லை. கோடியில் ஒருத்தன் நின்றான். தலையை மூடிய சட்டை, ஒரு கை சட்டைப் பைக்குள்.

பஸ்ஸுக்குள் கைப்பைகளின் ஜிப்புகள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பயணிகள் எல்லாரும் திருடன் போன்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். நானும்தான்.

"கதவத் திறக்காத!" என்று அண்ணி கத்தினாள். "உனக்குப் பிள்ளைகுட்டி இருக்கா இல்லையா? ஓட்டு!"

"திரையில ஆளு இருக்குன்னு காட்டுதும்மா."

"திருடன் திரையில வரமாட்டானா? அவன்கிட்ட போன் இல்லையா? நம்மகிட்ட புடுங்கினதே நூறு இருக்குமே!"

எவாரிஸ்டோ இருபது வருஷம் கொம்பி ஓட்டியவர், மூன்று முறை பறிகொடுத்தவர். அவருக்கும் ஒரு சாக்கு தேவைப்பட்டது போல. 'பயணி வரவில்லை' என்ற பொத்தானை அழுத்திவிட்டு வேகமெடுத்தார். அந்த ஆள் கூடவே ஓடிவந்து பஸ்ஸின் பக்கத்தில் படபடவென்று தட்டினான்.

"பாத்தீங்களா? நல்லவனா இருந்தா இப்படித் தட்டுவானா?" என்றாள் அண்ணி. பஸ்ஸே ஆமாம் போட்டது.

உடனே அவள் மடியில் இருந்த திருடன் போன் அடித்தது. தெரியாத எண்.

"உன் பிள்ளையப் புடிச்சு வச்சிருக்கோம், பணம் போடுன்னு மிரட்டுறவனா இருக்கும்," என்று துண்டித்தாள். மறுபடி அடித்தது. போனையே அணைத்துவிட்டாள்.

"அண்ணி, ஒருவேளை ரத்தம் குடுக்கிறவரா இருந்தா?"

"அவன் வாசல்ல வந்து நிப்பான். வராட்டி, நான் சொன்னது சரின்னு அர்த்தம்."

வாசலில் யாரும் இல்லை. ஜன்னல் வரிசை குறைந்துகொண்டே வந்தது. நான் அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கித் திறந்தேன். ஒரு செய்தி காத்திருந்தது. 'அம்மா, நான் லெயோபார்டோ. ஆஸ்பத்திரிக்கு பஸ் கேட்டேன். குழாய் ஆலைச் சந்துக்கு வந்த பஸ் என்னை ஏற்றாமல் போய்விட்டது.'

அவனும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் என்பதால்தானே அந்தத் திரை எங்களை அவனிடம் கொண்டுபோனது! அண்ணி நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அவளை அறையலாம் போல ஆத்திரம் வந்தது. உள்ளே கிடப்பது என் கூடப் பிறந்தவன்.

"கூப்பிடு," என்றேன். கூப்பிட்டாள்.

"நான் வரலம்மா," என்றது அந்தக் குரல். "நீங்க யாருன்னே தெரியல. கூப்பிட்டா துண்டிக்கிறீங்க. வெறும் வயித்தோட வான்னு வேற சொல்றீங்க. கிட்னி திருடுற கும்பலா இருக்கும், போகாதடான்னு எங்கம்மா அழுவுறாங்க."

அண்ணியின் பாஷையிலேயே அவளிடம் ஒருத்தன் பேசுகிறான். அவள் நடைபாதையிலிருந்து எழுந்து நின்று, "அங்கேயே நில்லு தம்பி. நானே வர்றேன்," என்றாள்.

நடுத்தெருவில், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், எந்தச் சுவரையும் தேடாமல் நல்ல போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். "பஸ்ஸக் கூப்பிடு, நிக்கோலாசா." பக்கத்திலேயே இருந்ததால் எவாரிஸ்டோவே வந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது. போகும் வழியில் விஷயத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கண்ணாடியில்கூட எங்களைப் பார்க்கவில்லை.

சந்துக்குள் பஸ் நுழைந்ததும் லெயோபார்டோ மதிலோடு ஒட்டி நின்றான். அண்ணி தனியாக இறங்கினாள். அருகில் பார்த்தால் இருபத்தைந்து வயது இருக்கும். கையெல்லாம் நெருப்புப்பொறி பட்ட தழும்பு.

"காலையில பஸ்ல கத்துனது நீங்கதான?"

"நான்தான்."

"அப்ப உங்கள நான் எப்படி நம்பி ஏறுறது?"

அண்ணியின் கை பழக்கத்தில் கைப்பைக்குள் போனது. அங்கே திருடன் போனைத் தொட்டது. அதை விட்டுவிட்டு ரவிக்கைக்குள் கை விட்டு நல்ல போனை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"இத நீயே வச்சுக்கோ. உனக்கு ஒண்ணும் ஆகாம வீட்டுக்குப் போய்ச் சேந்தப்புறம் குடுத்தாப் போதும். என்கிட்ட இருக்கிற நல்லது இது ஒண்ணுதான்."

அவன் போனைத் திருப்பிப் பார்த்தான். திரையில் ஆஸ்பத்திரி உடையில் என் அண்ணன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். லெயோபார்டோ தலைமூடியை இறக்கிவிட்டு பஸ்ஸில் ஏறி, எங்களைவிட்டு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தான்.

ஆஸ்பத்திரி வாசல் கண்ணில் பட்டபோது பத்தாக இன்னும் கொஞ்சம் இருந்தது. அவன் கையில் இருந்த போன் அடித்தது. அவன் அண்ணியைப் பார்த்தான். எடு என்று அவள் கையைக் காட்டினாள்.

"யார்டா நீ?" அண்ணன் போட்ட கூச்சல் பஸ் முழுக்கக் கேட்டது. "என் பொண்டாட்டி போன் உன் கைக்கு எப்படிடா வந்துச்சு? அவள என்ன பண்ணின?"

"ஐயா, அவங்க இங்கதான் இருக்காங்க. நான் லெயோபார்டோ. உங்களுக்கு ரத்தம் குடுக்க வந்துட்டு இருக்கேன்."

அண்ணனின் குரல் இறங்கியது.

"காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடாமலா இருக்க, தம்பி?" என்று அண்ணன் கேட்டான்.