ஒன்பதாம் நாளான்

பதினேழாயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாய். பால்ச்சாமி முதலாளியின் நோட்டில் எனக்கும் என் வீட்டுக்காரர் மொக்கையனுக்கும் சேர்த்து நின்ற கடன் அது. அதில் பதினேழாயிரத்து ஐந்நூறு, எரிந்து போன ஒரு கரிமூட்டத்துக்கு. மீதி முந்நூற்று அறுபது, மூச்சிரைப்புக்கு நான் ஊசி போட்டுக்கொள்ள வாங்கியது.

மூட்டம் என்றால் இதுதான். வேலிக்கருவை விறகை நெருக்கி நிறுத்தி அடுக்கி, மேலே வைக்கோல் பரப்பி, ஈரமண்ணைப் பூசி மூடி, உள்ளே தீ வைப்போம். அது எரியக் கூடாது, வேக வேண்டும். மண் வெடித்து எங்காவது ஓட்டை விழுந்தால் காற்று புகுந்து எல்லாம் சாம்பல். அதனால் ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்து, விழ விழ அடைக்க வேண்டும். வெள்ளையாக வருகிற புகை ஒன்பதாம் நாள் நீலமாக மெலியும். அதற்கப்புறம்தான் பிரிக்கலாம்.

அந்த மூட்டத்தை நாங்கள் ஏழாம் நாளே பிரித்தோம். லாரி வந்து நின்றுகொண்டிருந்தது.

"பொகை இன்னும் வெள்ளையா இருக்கு மொதலாளி" என்று என் வீட்டுக்காரர் போனில் சொன்னார்.

"எனக்குத் தெரியாதாலே? பிரிங்க. லோடு போகணும்."

மண்வெட்டி பட்டதும் குப்பென்று பிடித்தது. மறுநாள் அந்த நட்டம் எங்கள் கணக்கில் ஏறியிருந்தது. எனக்கு அப்போது எழுத்து தெரியாது. கைநாட்டு வைத்துவிட்டு வந்தேன். பள்ளிக்கூடத்துச் சாயங்கால வகுப்புக்குப் போய்ப் படித்ததெல்லாம் அதற்கப்புறம்தான்.

இந்த வருசம் டாக்டர் இனிப் புகை ஆகாது என்றுவிட்டார். அருப்புக்கோட்டை மில் ஒன்றில் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு ஒன்றாம் தேதி வரச் சொன்னார்கள். முதலாளியிடம் கேட்டேன்.

"தாராளமாப் போ மாரி. கணக்க முடிச்சுட்டுப் போ" என்றார்.

ஒன்றாம் தேதிக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

திருச்சுழியில் முதலாளி வீட்டுக்குப் பின்பக்கம், கரி மூட்டைகளை அடுக்கி வைக்கிற கிட்டங்கி. அங்கே நான் தூள் சலித்துக்கொண்டிருந்தபோது அவர் மகள் சுகப்பிரியா லேப்டாப்போடு வந்து சாக்கின் மேல் உட்கார்ந்தது. செல்போனில் ஆடுகிற சண்டை விளையாட்டுக்கு விதவிதமான உருவங்களை வரைந்து, எது எப்படிச் சண்டை போடும் என்று எழுதிக் கொடுப்பது அந்தப் பிள்ளைக்கு வேலை. வீட்டிலிருந்தே பார்க்கிறது.

"மாரியக்கா, ஒங்களுக்குப் பேயத் தெரியுமா?"

"ஒண்ணு கூடத்தான பாப்பா குடித்தனம் பண்றேன்."

சிரித்துவிட்டுப் படத்தைத் திருப்பிக் காட்டியது. நீளப் பல், சிவந்த கண், பறக்கிற முடி.

"மூணு தடவ திருப்பி அனுப்பிட்டாங்க. இதெல்லாம் ஏற்கெனவே இருக்காம். யாருமே பாக்காத பேயா வேணுமாம்."

"புளியமரத்து முனி?"

"இருக்கு."

"கெணத்துல விழுந்த பொம்பள?"

"அவ நாலு கேம்ல இருக்காக்கா. சரி, நீங்க எதுக்குப் பயப்படுவீங்க? அதச் சொல்லுங்க."

"ஓட்டைக்கு" என்றேன்.

அதற்குப் புரியவில்லை. மூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். எரிந்த மூட்டத்தையும் சொன்னேன். அந்த இடத்து மண் இன்னும் செங்கல் நிறத்தில் கிடக்கிறது, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அது அங்கேயே குந்தியிருந்து தனக்குக் கிடைக்காத ரெண்டு நாளைக் கேட்பது மாதிரி இருக்கும் என்றேன். பிரிக்கச் சொன்னது யார் என்று மட்டும் சொல்லவில்லை. அப்பா பேச்சை மகளிடம் எதற்குப் பேச வேண்டும்?

பிள்ளை லேப்டாப்பை மூடியது. "இத எழுதித் தாங்கக்கா. எப்படி இருக்கும், எப்படி அடிக்கும், எதுல தோக்கும். கம்பெனி எடுத்துக்கிட்டா ஒங்களுக்கு என்ன வேணும்?"

"ஒன்னாந்தேதி என்னைய விடச் சொல்லு. போதும்."

"சொல்லிப் பாத்துட்டேன்க்கா. கணக்குன்னா அப்பாவுக்குக் காது கேக்காது."

வீட்டில் போய் எழுதினேன். உலையில் சோறு குழைந்துவிட்டது.

"என்னத்த எழுதுற, மனுவா?" என்றார் வீட்டுக்காரர்.

"பேயி. பேரு ஒம்பதாம் நாளான். இருந்த எடத்தவிட்டு நகராது. ஒம்பது நாளும் குந்தியே இருக்கும்."

"அதுக்கு எதுக்குடி பேயி? நான் இருக்கேன்ல."

நான் எழுதியது இவ்வளவுதான். அதற்குக் கால் கிடையாது. உடம்பு மண்மேடு. கண் இருக்கும் இடத்தில் ரெண்டு புகைத்துளை. தோல் வெடித்த இடங்களில் உள்ளே நெருக்கி நிற்கிற விறகு தெரியும், பஸ்ஸுக்குள் ஆள் நிற்பது மாதிரி. எதிரி அடித்தால் அதற்கு வலிக்காது, ஓட்டை விழும். அதை வைத்து ஆடுகிறவர் ஒவ்வொரு முறையும் ஓட்டையை அடைக்க வேண்டும். அடைக்க அடைக்க அதன் சூடு ஏறும். ஒன்பதாம் முறை புகை நீலமாகும். அப்போது பிரித்தால் எதிரே எவன் நின்றாலும் மிஞ்ச மாட்டான்.

மறுநாள் பிள்ளை அதைப் படித்துவிட்டு, "எதுல தோக்கும்னு எழுதலையே? தண்ணியா, காத்தா?" என்றது.

"ரெண்டும் இல்ல பாப்பா. எதிராளி அதத் தோக்கடிக்க முடியாது. அத வச்சு ஆடுறவுக அவசரப்பட்டுப் பிரிச்சா, அதுவே எரிஞ்சு சாம்பலாப் போகும்."

"பேயோட பலவீனம் ஆடுறவங்ககிட்டயா!" என்று சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை ஓட்டமாய் வீட்டுக்குள் போனது.

ரெண்டு வாரம் கழித்து, முதலாளி கிட்டங்கியில் எடை போட்டுக்கொண்டிருந்த காலை நேரம், பிள்ளை போனோடு வந்தது. கம்பெனிக்காரர்கள் பிடித்திருக்கிறது என்று, ஆடிப் பார்க்க மாதிரி ஒன்று செய்து அனுப்பினார்களாம். யாரையாவது ஆடவிட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

"அப்பா, நீங்க ஆடுங்க. ரெண்டே பட்டன். ஒண்ணு மூடு, ஒண்ணு பிரி."

"கடைய விட்டுட்டு இது வேறயா" என்று சொல்லிக்கொண்டே வாங்கினார். எதிரே ஒரு காளைத் தலைக்காரன் முட்டினான். முதலாளி நாலு தரம் மூடினார். அஞ்சாவதில் பிரித்தார். தீ பிடித்து எல்லாம் சாம்பலாய்க் கொட்டியது.

"ஏன் எரியுது?"

"அவசரப்பட்டீங்கப்பா."

மறுபடி ஆடினார். இந்த முறை காளைத் தலைக்காரன் தரையில் சாய்ந்து கிடந்தான். "விழுந்துட்டான்ல, இனி என்ன" என்று பிரித்தார். குப்பென்று பிடித்தது. உள்ளே நின்ற விறகெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிந்து விழுந்தது. எத்தனை தரம் மூடினார் என்று காட்டுகிற எண் திரையில் ஏழில் நின்றது.

முதலாளி அந்த எண்ணையே பார்த்தார்.

"இத யாரு பண்ணுனது?"

"மாரியக்கா எழுதுனது. நான் வரைஞ்சேன்."

என் கையில் சல்லடை நின்றது. மில் வேலை போனது என்று நினைத்தேன்.

"வேணும்னே எழுதுனியா மாரி?"

"இல்ல மொதலாளி. மூட்டம் எப்படியோ அப்படித்தான் எழுதுனேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்தே சொன்னார்: "அன்னைக்கு லாரி வாடகை ஏறிக்கிட்டே இருந்துச்சு."

நான் மறுபடி சல்லடையை ஆட்ட ஆரம்பித்தேன்.

மூன்றாம் தரம் ஆரம்பித்தார். மூடினார், மூடினார், மூடினார். எடை போட வந்தவர் வெளியே இருமினார். "இருய்யா" என்றார் முதலாளி. எட்டு வந்தது. ஒன்பது வந்தது. வெள்ளைப் புகை மெல்ல நிறம் மாறியது. அவருடைய பெருவிரல் பட்டனுக்கு மேலேயே நின்றது.

"பிரிக்கவா மாரி?"

எட்டிப் பார்த்தேன். பிள்ளை புகையை நன்றாகத்தான் வரைந்திருந்தது.

"இன்னும் கொஞ்சம் மெலியட்டும் மொதலாளி." பொறுத்தோம். "இப்பப் பிரிங்க."

மண் ஓடு விலகியது. உள்ளே கருகருவென்று கரி நின்றது. நல்ல கரி ஒன்றோடொன்று தட்டினால் கிண் என்று கேட்கும். அந்தச் சத்தத்தையும் பிள்ளை எங்கிருந்தோ பிடித்து வைத்திருந்தது. காளைத் தலைக்காரனைக் காணோம்.

முதலாளி போனை மகளிடம் கொடுத்துவிட்டு மேசை டிராயரைத் திறந்து நோட்டை எடுத்தார். எங்கள் பக்கத்தைப் புரட்டி, பதினேழாயிரத்து ஐந்நூறின் மேல் ரெண்டு கோடு இழுத்தார். அடுத்து முந்நூற்று அறுபதுக்குப் பேனா வந்தது.

"அது வேணாம் மொதலாளி" என்றேன். "அது நான் வாங்குனது."

அந்த வாரக் கூலியை முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். மூன்று நூறும் ஒரு ஐம்பதும் ஒரு பத்தும் எடுத்து மேசையில் வைத்தேன். அவர் எண்ணிப் பார்க்காமல் டிராயரில் போட்டுவிட்டு எழுதினார். நோட்டை என் பக்கம் திருப்பச் சொல்லிப் படித்தேன்.

"மாரீஸ்வரி வரவு 360. பாக்கி இல்லை."