படம் எடுக்கக் கூடாது என்றவள்

ரஜீவன் மாஸ்டருக்கு மாத்தளைக்கு இடமாற்றம் கிடைத்ததும் சொஃப்ட்போல் பழக்குவதற்கு ஆளில்லாமல் போய்விட்டது. சனிக்கிழமை பின்னேரங்களில் உட்துறைமுக வீதியோரத் திடலில் மேயும் மான்களைக் கலைத்துவிட்டுப் பெண்பிள்ளைகள் விளையாடுவார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளுமாக, கிண்ணமோ பதக்கமோ தேடாமல், சந்தோசத்துக்கென்று தொடங்கிய அணி அது. மருந்துக்கடையில் வேலை செய்யும் ஹுஸ்னியாவின் மகள் பஹ்மியாவும் அதில் இருந்ததால் புது ஆள் தேடும் பொறுப்பு தாயின் தலையில் விழுந்தது.

பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் அவள் செய்தி போட்டாள். கடைக் கண்ணாடியிலும் ஒரு தாள் ஒட்டினாள். சம்பளம் இல்லை, விருப்பமுள்ளவர்கள் வரலாம். வந்தவர்களில் பாதிப் பேர் மென்பந்துக் கிரிக்கெட் என்று நினைத்து கிரிக்கெட் மட்டையோடு வந்து நின்றார்கள். ஒருவன் முதல் நாளே பிள்ளைகளின் போன் நம்பர்களைக் கேட்டான். அவனை ஹுஸ்னியா அப்போதே திருப்பி அனுப்பினாள். அதன் பிறகு யார் வந்தாலும் அவளுக்கு உள்ளே ஒரு கணக்கு ஓடியது. இவருக்கு இதில் என்ன லாபம்?

பிறகு ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். பெயர் சோபனா என்றாள்.

"அக்கா, கடையில ஒட்டின தாளைப் பாத்தனான். கிரிக்கெட் இல்லத்தானே? நாலு மூலையும் சுத்தி ஓடுற விளையாட்டுத்தானே?"

"ஓம். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். காசு வேண்டாம். ஆனா ஒண்டு, என்னைப் படம் எடுக்கக் கூடாது. பேஸ்புக்கிலயும் போடக் கூடாது."

"ஏன்?"

"எனக்கு விருப்பமில்ல."

ஹுஸ்னியாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனால் வேறு ஆளும் இல்லை.

சோபனாவுக்கு முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். தலைமுடியை இறுக்கிக் கட்டித் தொப்பி போட்டிருந்தாள். வந்தவள் அடிப்பவளுக்குப் பின்னால் குந்தியிருந்து, வந்த பந்தையெல்லாம் பார்க்காதவள் போல ஒரு கையால் பிடித்துப் போட்டாள். பிள்ளைகள் வாய் பிளந்து நின்றார்கள். அவள் குரல் உயர்ந்தால் வம்பளப்பவர்களும் வரிசைக்கு வந்துவிடுவார்கள். இரண்டு மூன்று சனிக்கிழமைக்குள் எறியத் தெரியாதவர்கள்கூட நேராக எறியத் தொடங்கினார்கள்.

அணியில் இருந்த கஜந்தியின் தகப்பன் தங்கரத்தினம் துறைமுக அலுவலகத்தில் கிளாக்கர். வேலி ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, ஒருத்தி சும்மா வந்து வெயில்ல நிண்டு கத்துறாள் எண்டா அதுக்குப் பின்னால ஏதோ இருக்கு" என்றார் ஹுஸ்னியாவிடம். "ஊரைக் கேட்டன், வன்னிப் பக்கம் எண்டாள். வன்னியில சண்டை நடந்த காலத்தில ஆர் சொஃப்ட்போல் விளையாடினது?"

"கொழும்பில படிச்சிருப்பாவோ என்னவோ, அண்ணன்."

"அப்ப அதைச் சொல்ல வேண்டியதுதானே. படமும் எடுக்க வேண்டாமாம். ஆக்கள விசாரிச்சுத் தகவல் குடுக்க வந்தவளோ ஆருக்குத் தெரியும்."

ஹுஸ்னியா அதற்குச் சிரித்தாள். வீட்டுக்குப் போனதும் மகளைக் கூப்பிட்டாள்.

"சோபனா மிஸ் உங்களிட்ட என்ன கேப்பா?"

"சாப்பிட்டீங்களா எண்டு கேப்பா, உம்மா."

"வேற? வாப்பா எங்க வேலை செய்றார், வீட்டுக்கு யார் வாற, அப்பிடி?"

"இல்ல."

அந்த 'இல்ல' அவளுக்குப் போதவில்லை.

அடுத்த கிழமை பஸ் நிலையத்தில் சோபனாவைக் கண்டாள். சீருடை போட்ட கடற்படைக்காரன் ஒருவனோடு தண்ணீர் ஓடுவது போலச் சிங்களத்தில் கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஹுஸ்னியாவைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

சனிக்கிழமை ஹுஸ்னியா மெல்லக் கேட்டாள். "நல்லாச் சிங்களம் கதைக்கிறீங்க."

"பழகினது."

"எங்க?"

"வேலை செய்த இடத்தில." சோபனா கையுறைகளை அள்ளிக்கொண்டு எழுந்தாள். "பிள்ளையள் பாத்துக்கொண்டு நிக்கினம், அக்கா."

அன்று ஆட்டம் முடிந்ததும் ஹுஸ்னியா ஸ்கூட்டியில் தூரம் விட்டுப் பின்தொடர்ந்தாள். உவர்மலையில் ஒரு சின்னத் தையல்கடைக்குள் போன சோபனா, மெசினுக்கு முன்னால் குந்தி யாருடையதோ பாடசாலைச் சட்டைக்குக் கை தைக்கத் தொடங்கினாள். நிம்மதி வரும் என்றுதான் ஹுஸ்னியா நினைத்தாள். வரவில்லை. தையல்காரிக்கு இந்த விளையாட்டு எப்படி வந்தது?

விடை கந்தளாயில் கிடைத்தது. அங்குள்ள பெண்பிள்ளைகள் அணியோடு ஒரு நட்பு ஆட்டம். சோபனா வரத் தயங்கினாள். பிள்ளைகள் கெஞ்சியதால்தான் பஸ்ஸில் ஏறினாள். இறங்கியதும் அந்த அணியைப் பழக்கிய சிங்களப் பெண், "சோபனா நங்கி" என்று சொந்தத் தங்கையைக் கூப்பிடுவது போல ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். பிறகு மகளோடு வந்து பக்கத்தில் நின்ற தங்கரத்தினத்திடம் பெருமையாகச் சிங்களத்தில் ஏதோ சொன்னாள்.

அவர் முகம் கறுத்தது. "கேட்டீங்களே தங்கச்சி? ரெண்டு பேரும் ஒரே முகாமில, ஆமி அணிக்கு விளையாடினவையாம். எங்கட பிள்ளையள ஆரிட்ட விட்டிருக்கிறம் எண்டு பாருங்கோ."

ஆட்டம் முடிந்து திரும்பி வரும்போது கஜந்தியை வேறு பஸ்ஸில் கூட்டிப் போனார். அன்றிரவே இன்னும் சில பெற்றோர் பிள்ளைகளை நிற்பாட்டுவதாகக் குழுவில் எழுதினார்கள்.

மறுநாள் ஹுஸ்னியா தையல்கடைக்குப் போனாள். சோபனா கதிரையை இழுத்துப் போட்டாள்.

"சண்டை முடிஞ்சு கொஞ்ச வருசத்தில ஆமியில தமிழ்ப் பெட்டையளையும் சேத்தவை. வீட்டில உழைக்க ஆள் இல்ல, போனன்" என்றாள். "ஊருக்குத் திரும்பினா ஒருத்தரும் முகம் பாக்கேல்ல. அம்மாவோட கதைக்கிறதையும் விட்டிட்டினம். அதான் இஞ்ச வந்தனான்."

"அந்தக் கடற்படைக்காரன்?"

"என்னோட விளையாடினவளின்ர புருசன். அவளுக்குப் பிள்ளை பிறந்திருக்காம்."

"ஏன் முதலே சொல்லல்ல?"

"சொல்லியிருந்தா வரச் சொல்லியிருப்பீங்களே?"

 சோபனா மெசினில் கிடந்த சட்டையை எடுத்து மடித்து வைத்தாள்.

"அங்க எனக்குப் பிடிச்சது இந்த விளையாட்டு மட்டும்தான், அக்கா. வெளியில வந்தா விளையாட ஆளில்ல. வேற காரணம் ஒண்டும் இல்ல."

 சொல்வதெல்லாம் உண்மைதானா என்று இப்போதும் ஹுஸ்னியாவுக்குள் ஒரு மூலையில் முள் குத்தியது. ஆனால் இத்தனை சனிக்கிழமையும் அந்தத் திடலில் நின்று அவள் தன் கண்ணால் பார்த்தது வேறு.

"சனிக்கிழமை வாங்க" என்றாள். "நானும் பக்கத்தில நிப்பேன். வாற பிள்ளைகளோட தொடங்குவம்."

நடந்ததை ஒளிக்காமல் குழுவில் எழுதினாள். சிலர் பதில் போடவில்லை. இரண்டு பேர் குழுவை விட்டே விலகினார்கள்.

அந்தச் சனிக்கிழமை ஆறேழு பிள்ளைகள்தான் வந்தார்கள். ஆட்டம் பாதியில் இருக்கும்போது தங்கரத்தினம் கஜந்தியோடு வந்தார். அழுது அவளுடைய கண் வீங்கியிருந்தது.

"மூண்டு நாளாச் சாப்பிடுறாள் இல்ல" என்றார் ஹுஸ்னியாவிடம். பிறகு சோபனாவைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு உங்களில நம்பிக்கை இல்ல. ஒவ்வொரு கிழமையும் இஞ்சயே நிண்டு பாத்துக்கொண்டிருப்பன்."

"பாருங்கோ அண்ணை" என்றாள் சோபனா. "வேலிக்கு அங்கால நிண்டா வடிவாத் தெரியாது. இஞ்சால வாங்கோ."

அவர் கோட்டுக்குப் பின்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பஹ்மியா அடித்த பந்து அவரைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் உருண்டது. பிள்ளைகள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். கொஞ்சம் பொறுத்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் பந்துக்குப் பின்னால் நடந்தார்.