முக்காலிக்கு அளவு

மலைச்சாமியின் பூட்டுப் பட்டறைக்கு வந்து அரை மணி நேரமாகியும் ராயப்பராஜுக்கு மனம் ஒரு நிலைக்கு வரவில்லை. எதிரே மூன்று முக்காலிகள். ஒன்று மூங்கில், உச்சியில் சணல் கட்டியது. நாலு தடவை நனைந்தால் கட்டு தளர்ந்துவிடும். இன்னொன்று போட்டோ ஸ்டுடியோக்காரர் கழித்துப்போட்ட மரத்தாங்கி; அதன் உயரத்துக்கு ஏணி வைத்துத்தான் தூண்டில் போட வேண்டும். மூன்றாவது மலைச்சாமியே இரும்புக் கம்பியை வளைத்து மாதிரிக்குச் செய்தது. குளத்தங்கரையில் தூண்டில் கம்பைச் சாய்த்துவைக்க ஒரு தாங்கி, அவ்வளவுதான் சமாச்சாரம். அதற்குப் போய் பெண் பார்க்க வந்தவன் மாதிரி ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றி வந்தான்.

அவன் கவலை அவனுக்கு. எண்ணெய் மில்லில் பெல்ட் இழுத்ததில் வலது கை விரல்கள் மடங்கியது மடங்கியதுதான். எட்டு வருஷமாயிற்று. மனைவி வியாகுலம்மாள் சுருட்டு சுற்றித்தான் வீடு ஓடுகிறது. வெள்ளிக்கிழமை கறி சமைக்காத வீடு. தவக்காலத்தில் கேட்கவே வேண்டாம். அந்த வெள்ளிக்கிழமை மீன் ஒன்றுதான் அவன் கையால் வீட்டுக்கு வருவது. அன்றைக்கு மட்டும் சோற்றுத் தட்டுக்கு முன்னால் கூசாமல் உட்காருவான்.

செம்பட்டி ரோட்டுக் குளத்தில் கரை முழுக்கக் கல் பாவியிருக்கும். மடைப்படி ஓரம் மட்டும் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மண். மீனும் அங்கேதான் ஒதுங்கும். தூண்டிலைத் தாங்கும் கவட்டைக் கம்பு ஊன்றவும், ஒரு கை விளங்காதவன் சறுக்காமல் உட்காரவும் அதைவிட்டால் வேறு இடம் கிடையாது. அங்கே ராயப்பராஜின் கவட்டை நின்றது. தூண்டில்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: கவட்டை நிற்கிறவரை இடம் ஊன்றினவனுடையது. அவன் ஆறு மாதம் காய்ச்சலில் கிடந்தாலும் இன்னொருத்தன் தொடமாட்டான். ஆனால் அவனே தன் கையால் பிடுங்கிக்கொண்டு கரையேறிவிட்டால் தீர்ந்தது, ஊன்றுகிறவனுக்கு இடம்.

போன வாரம் மண் பொளபொளத்துக் கவட்டை சாய, பெரிய கெண்டை ஒன்று கம்போடு தூண்டிலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. முக்காலி செய்துகொள் என்று யோசனை சொன்னது வியாகுலம்மாளின் அண்ணன் செபஸ்தியான். நாலு முழம் தள்ளிக் கல்லில் உட்கார்ந்து, கம்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டு தூண்டில் போடுகிறவர். புதன்கிழமைக் காலையில் குளத்துக்கே வந்து, அளவு மாறினால் கம்பு வாகாக நிற்காது, அந்தக் கவட்டையையே பட்டறைக்குக் கொண்டுபோ என்றார். ராயப்பராஜ் கொஞ்சம் தயங்கத்தான் செய்தான்.

"நான் இருக்கேன்ல மாப்ள. ஒரு நா தானே, எடத்த நான் பாத்துக்கிர்றேன்."

மச்சான் சொன்ன பிறகு என்ன யோசனை? பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"காலு கூரா இருக்கணுமா, தட்டையாவா அப்பு?" என்றார் மலைச்சாமி. கூராக இருந்தால் மண்ணில் புதையும். இரும்புதான், தட்டைக்கால்தான் என்று ஒருவழியாக முடிவு செய்தான். கவட்டையை வாங்கி உயரம் பார்த்துக்கொண்ட மலைச்சாமி, அதை அறுத்து உலையில் போட்டார். இனி எதற்கு அது என்று ராயப்பராஜும் சும்மா இருந்தான்.

வியாழக்கிழமை வெயில் தாழ முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு, புதுத் தூண்டில் கம்போடு குளத்துக்குப் போனான். மடைப்படியோர மண்ணில் புதுக் கவட்டை ஒன்று நின்றது. தோல் உரித்த பச்சைப் புளியங்கம்பு, ஈரம்கூடக் காயவில்லை. பக்கத்தில் செபஸ்தியான் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், எந்திரிங்க."

"வா மாப்ள. முக்காலி சோக்கா வந்திருக்கே."

ராயப்பராஜ் மறுபடியும் எழுந்திருக்கச் சொன்னான். அவனே தன் கையால் கவட்டையைப் பிடுங்கின இடம்தானே, வழக்கம் தெரியாததா என்றார் அவர், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. எதிர்க்கரையில் தூண்டில் போட்டிருந்த நைனா முகமதைச் சத்தம் போட்டு நியாயம் கேட்டான். அவர் தலையைக் குனிந்துகொண்டு பொடி டப்பாவைத் திறந்தார். வழக்கத்துக்கு எதிராக அவர் என்ன சொல்வார், பாவம்.

"ஒனக்குத்தான் முக்காலி வந்துருச்சே," என்றார் செபஸ்தியான். "இனிமே கல்லுலயும் நிக்கும்."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. யோசனை சொன்னதும், அளவு சொன்னதும், காலையில் மெனக்கெட்டு வந்து நின்றதும் வரிசையாக ஓடின. அடப்பாவி மனுஷா, கூடப் பிறந்தவள் வீட்டு உலையிலா கை வைப்பது!

"இத மனசுல வச்சுத்தான் செய்யச் சொன்னீங்களா?"

செபஸ்தியான் தூண்டிலை இழுத்து மறுபடி வீசினார். பிறகு, "எட்டு வருசமா நானும் கல்லுலதாம்ப்பா ஒக்காந்திருந்தேன்," என்றார், யாருக்கோ சொல்வதுபோல.

வியாகுலம்மாளிடம் போய்ச் சொல்லலாம். அவள் அண்ணனோடு சண்டைக்குப் போவாள், அழுவாள். வெள்ளிக்கிழமை விடிந்துவிடும், சட்டி காலியாக இருக்கும். ராயப்பராஜ் சரிவில் இறங்கி, கற்களின்மேல் முக்காலியை வைத்தான். ஆட்டிப் பார்த்தான். இம்மியும் அசையவில்லை. அது நின்ற நிற்பே அவனுக்கு எரிச்சலாக இருந்தது. அதைத் தூக்கித் தண்ணீரில் வீச வேண்டும்போல் இருந்தது.

கம்பைச் சாய்த்து, நூலைப் பிரித்தான். தூண்டில் முள் வெறுமனே தொங்கியது. ஒற்றைக் கையால் புழு கோக்க முடியாது. எட்டு வருஷமாக அவனுக்குக் கோத்துத் தந்தது ஒரே ஆள்தான்.

செபஸ்தியான் எழுந்து வந்து பக்கத்துக் கல்லில் குந்தினார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"கொண்டா," என்றார்.

கொடுக்கக்கூடாது என்று நினைத்து முடிப்பதற்குள், நல்ல கை தானாக நீண்டு முள்ளை நீட்டிவிட்டது. அவர் கொட்டாங்கச்சியிலிருந்து கொழுத்த புழுவாகப் பார்த்துப் பொறுக்கி, தலையைக் குனிந்து, முனை வெளியே தெரியாமல் மெல்ல மெல்லக் கோக்க ஆரம்பித்தார். நூலின் இன்னொரு முனை ராயப்பராஜின் கையில் இருந்தது.