சிவப்பு வட்டம் போட்ட பாறை

அந்த மலையின் செங்குத்தைப் பார்த்துவிட்டு ஆடுகளே வேறு பிழைப்பு தேடிப் போய்விட்டன. காற்றைப் பற்றி உள்ளபடி சொன்னால் நம்பமாட்டீர்கள் என்பதால் குறைத்தே சொல்கிறேன். நான் என் டம்ளரில் ஊற்றிய தேநீரைப் பக்கத்துக் கூடாரத்தில் என் மைத்துனன் குடித்தான். சர்க்கரை போதவில்லை என்று குறையும் சொன்னான்.

நான் நில அளவைக்காரன். மைத்துனன் என் மனைவியின் தம்பி. எனக்கு அளவுகோல் பிடிப்பவன். லாரி ஏறக்கூடிய சரிவாகப் பார்த்து, மலைக்குக் குறுக்கே ஒரு சாலைக்கு வழி கண்டுபிடித்து முளை அடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. மழை தொடங்குவதற்குள் வழி கிடைக்காவிட்டால் சாலை ஆற்றோரமாகச் சுற்றிக்கொண்டு போய்விடும். நாங்கள் இருவரும் ஓய்வு பெறும்வரை ஆபீசில் உட்கார்ந்து வரைபடங்களுக்கு வர்ணம் தீட்ட வேண்டியதுதான் என்று பெரிய எஞ்சினியர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த ஆபீசின் ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு ஆபீசின் ஜன்னல். நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும்.

நாங்கள் பிடித்த வழியெல்லாம் ஏதாவது ஒரு பள்ளத்தின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தியது. வானம் கறுத்துக்கொண்டே வந்தது. ஒரு மாலை, மூடுபனிக்குள் மைத்துனனை அனுப்பி, மறுநாள் குறி பார்க்க வசதியாக மேலே ஒரு பாறையில் சிவப்பு வட்டம் போட்டுவிட்டு வரச் சொன்னேன். போட்டுவிட்டு வந்தான். பாறை கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்ததாகச் சொன்னான். பகல் முழுக்க வெயிலில் கிடந்த கல் அப்படித்தான் இருக்கும் என்றேன். அன்று வெயிலே அடிக்கவில்லை.

காலையில் பனி விலகியதும் கோணம் அளக்கும் கருவியான தியோடலைட்டின் தொலைநோக்கியைப் பாறை பக்கம் திருப்பினேன். வட்டம் கண்ணாடிக்குள் தெரியும் குறிக்கம்பிக்கு வலப்பக்கம் நின்றது. திருகிச் சரிசெய்தேன். மறுபடியும் வலப்பக்கம். வேறு யாராக இருந்தாலும் பாறை நகர்கிறது என்று சொல்லியிருப்பார்கள். அளவைக்காரன் அப்படிச் சொல்லமாட்டான், கருவியைத்தான் திட்டுவான். முக்காலியை இறுக்கினேன், ரசமட்டம் பார்த்தேன், மைத்துனனை மூச்சு விடாமல் நிற்கச் சொன்னேன். அப்புறம்தான் பாறைக்குக் கால்கள் தெரிந்தன. அந்தக் காலத்துத் தொலைநோக்கியில் எல்லாமே தலைகீழாகத் தெரியும் என்பதால், நான்கு கால்களும் வானத்தில் நடந்துகொண்டிருந்தன.

காட்டெருமை. வட்டம் போட்டபோது அது தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மைத்துனனும் ஏறக்குறைய அப்படித்தான். இதைப் பற்றி அவனிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை, தினமும் காலையில் தவிர.

ஆனால் நான் கவனித்தது வேறு. அது அவசரமில்லாமல், மூச்சு வாங்காமல் மேலே போய்க்கொண்டிருந்தது.

"மாப்ளே, அது என்ன எடை இருக்கும்?" என்றேன்.

"ஒரு சின்ன லாரி எடை இருக்கும் மாமா."

"அது ஏறினா லாரியும் ஏறும். கோலை எடு."

"அதுகிட்ட லைசன்ஸ் இருக்கான்னு கேட்டுக்கட்டுமா?" என்றபடியே கோலைத் தோளில் போட்டான்.

அது நின்ற இடத்திலெல்லாம் நின்றோம். அது நகர்ந்ததும் மைத்துனன் ஓடிப்போய் முளை அடித்துக் கோலைப் பிடிப்பான். நான் கோணமும் தூரமும் குறிப்பேன். இவ்வளவு ஒழுங்கான ஆளோடு நான் அதற்கு முன் வேலை செய்ததில்லை. ஒரு தடவை நாங்கள் பின்தங்கியபோது திரும்பிப் பார்த்துக் காத்திருந்தது. சத்தியமாக.

பிற்பகலில் அது இரண்டு சிகரங்களுக்கு நடுவே புகுந்தது. நாங்கள் மூன்று மாதமாக அந்த இடத்தைச் சுவர் என்று வரைந்து வைத்திருந்தோம். பின்னாலேயே புகுந்தோம். சுவர் இல்லை, வாசல். மறுபக்கச் சமவெளி முழுக்க வெயிலில் விரிந்து கிடந்தது. சாலை போய்ச் சேர வேண்டிய முடிவுப் புள்ளியில் முதலிலேயே நட்டிருந்த கொடி கண்ணுக்கு நேரே படபடத்தது. மைத்துனன் கோலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆடினான். நான் ஆடவில்லை. கருவியை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டுமே. அடுத்த இரண்டு நாளில் கொடிவரை இறங்கிக் கடைசி முளையை அடித்தோம். அதற்கு மேல்தான் முதல் மழைத்துளி விழுந்தது.

மழை ஓய்ந்ததும் பெரிய எஞ்சினியரே வந்து, முளைக்கு முளை சரிவு பார்த்துக்கொண்டு நடந்தார். ஓரிடத்தில்கூட வரம்பு மீறவில்லை. பாதி வழியில் கோடு காரணமில்லாமல் இடப்பக்கம் வளைந்து திரும்பியதைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டார்.

"அங்க புல்லு நல்லா இருக்குங்க சார்," என்றேன்.

குனிந்து அந்தப் புல்லைப் பார்த்தார். அப்புறம் தூரத்தில் மேகத்துக்குள் முகம் மறைத்து நின்ற இன்னும் பெரிய மலைத்தொடரைக் கையால் காட்டினார். "அதைத் தாண்ட முடியுமா?"

"பார்க்கலாம் சார். மொதல்ல அங்க யார் யாரு குடியிருக்காங்கன்னு விசாரிக்கணும்."

மறுவாரமே கூடாரத்தைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.