தோளுக்கு மேலே போன மீன்கள்

றக்வானையில் முதல் பஸ்ஸைப் பிடிக்க ஓடிய ஓட்டத்தில் றம்ஸியாவின் செருப்பொன்று வடிகானுக்குள் போய்விட்டது. "நீ ஏறு கலா, நான் ஒத்தச் செருப்போட வாறன்!" என்று கத்திக்கொண்டே பாய்ந்து ஏறினாள். "இஸ்ஸரஹட்ட யன்ட, இஸ்ஸரஹட்ட" என்று கண்டக்டர் சிங்களத்தில் கத்தி எங்களை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தான். முன்னால் போக இடமிருந்தால்தானே.

அது 2003. உள்நாட்டுச் சண்டை நின்றிருந்தது, வழியில் யாரும் எங்களை இறக்கிச் சோதிக்கவில்லை. றம்ஸியா பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள். நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தோம். அவளுடைய சாச்சா சாலி, அதாவது வாப்பாவின் தம்பி, கற்பிட்டிக்கு அப்பால் ஒரு தீவில் வாடி என்ற மீனவக் குடிசை போட்டு மீன் பிடித்தார். அவரை நான் நானா, அண்ணன், என்றுதான் கூப்பிடுவேன். அங்கேதான் போனோம்.

வீட்டில் கருவாடு வாங்கப் போவதாகச் சொல்லியிருந்தேன். உண்மையில், எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை இல்லாத ஓரிடத்தில் ஒருமுறை இருந்து பார்க்க ஆசைப்பட்டேன். பிறந்ததிலிருந்து என் பார்வை எங்கே போனாலும் ஒரு மலையில் முட்டித் திரும்பி வந்தது. முட்டாமல் போனால் எனக்குள் என்ன நடக்கும்? இதை வீட்டில் எப்படிச் சொல்வது?

பஸ் மாறி பஸ் மாறி, படகேறித் தீவுக்குப் போனால், அங்கேயும் நிற்க ஒரு கரை இருந்தது. பின்னால் தென்னை மரங்கள், பார்வை அவற்றில் முட்டியது. வெளிக்கடலுக்குத்தான் போக வேண்டும்.

"தோணியில வேலை செய்ற ஆளுக்குத்தான் எடம்" என்றார் சாலி நானா. "கடல் பாக்க வந்த ஆக்களுக்கு கரை ஈக்கி, அங்க நிண்டு பாக்கட்டும்."

"நான் வேலை செய்வேங்க நானா. மலையில என் கைய முந்த ஆளில்லைங்க."

"மீனு செடியில மொளைக்காதே, புள்ள!" சிரித்தார். "கிட்டக் கிடக்கிற வலைய மொதல்ல எடுப்பம். சரிவந்தா வெளியால கூட்டிட்டுப் போறன். இல்லாட்டி எறக்கி வுட்டுட்டுப் போவன்."

மறுநாள் காலையில் மூவரும் புறப்பட்டோம். சாலி நானா வலையை இழுத்து உள்ளே குவித்தார். நான் தோணியின் விளிம்பில், உள்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்து, வலையிலிருந்து மீன்களைக் கழற்றினேன். கை பழகிவிட்டது, வேகமும் வந்தது.

"கை நல்லாத்தான் ஈக்கி" என்றவர், தோணியின் அடியைப் பார்த்தார். "எங்க புள்ள மீனு?"

மறுபக்கம் தலையைத் தொங்கப் போட்டு வாந்தியெடுத்துக்கொண்டிருந்த றம்ஸியா நிமிர்ந்தாள். "சாச்சா, இவ எல்லாத்தையும் கடல்லல்லோ எறியுறா!"

அப்போதுதான் என் கை செய்வதைப் பார்த்தேன். கை நிறையக் கொழுந்து சேர்ந்ததும் தோளுக்கு மேலால் முதுகுக் கூடைக்குள் வீசிவிடுவோம். கூடை அங்கேதான் இருக்கும் என்று கைக்குத் தெரியும். இங்கே முதுகுக்குப் பின்னால் கூடை இல்லை. கடல் இருந்தது.

"அல்லாஹ்வே! அந்தப் பாரை மீனையுமா?" சாலி நானா என்னை இறக்கிவிடத் தோணியைக் கரைப் பக்கம் திருப்பப் போனார்.

அடுத்த மீனைக் கவனமாகக் காலடியில் வைத்தேன். அதற்கடுத்ததையும். மூன்றாவது, தோளுக்கு மேலால் பறந்தது. றம்ஸியா வாந்திக்கிடையிலும் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. என் கை எனக்கு முன்பே எல்லாவற்றையும் முடிவு செய்துவிடுகிறது. அதனோடு சண்டை பிடித்து வெல்ல இன்றைக்கு நேரமில்லை. சரி, கை அதன் பாட்டில் இருக்கட்டும். நான் இடம் மாறலாமே.

"நானா, நான் வெளியப் பாத்து ஒக்காந்துக்கிறேங்க. வலைய நானே இழுக்கிறேன். மீன் பெட்டிய என் முதுகுப் பக்கம் வைங்க."

"பெட்டியில வுழாம என்ட மூஞ்சில வுழுந்தா?"

"வுழாதுங்க."

என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுப் பெட்டியை நகர்த்தினார். மிச்ச வலையை இழுத்தேன். கழற்றினேன், வீசினேன். பின்னால் பொத், பொத் என்று விழும் சத்தம் மட்டும் கேட்டது. ஒன்றுகூடத் தவறவில்லை போலும். சாலி நானா எஞ்சினை முடுக்கி வெளிக்கடலுக்குத் திருப்பினார்.

அங்கே தண்ணீர் கறுநீலமாக இருந்தது. கைகள் இழுத்தன, கழற்றின, வீசின. கண்ணுக்கு வேலையில்லை, அது போய்க்கொண்டேயிருந்தது. எதிலும் முட்டவில்லை. முதலில் ஒரு பயம், சாய்ந்துகொள்ள எதுவுமில்லாத பயம். கொஞ்ச நேரத்தில் அந்தப் பயமே பிடித்துப்போயிற்று.

"இன்னும் பாத்து முடியல்லியாடீ?" என்று றம்ஸியா முனகினாள். "கரைக்குப் போவம்."

"இரு றம்ஸி" என்றேன். "இப்பதான் வந்திருக்கேன்."