பக்கத்து இருக்கை

மூன்றாவது ஆள் கையிலும் வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டது. அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இறங்கி, "இன்னிக்குக் கை கால் ஓடலைங்க" என்றார். கூடத்தில் கிடத்தியிருக்கும் பெரிய வாத்தியார் எழுந்து வந்து திட்டிவிடுவாரோ என்பதுபோல ஜன்னல் பக்கம் ஒரு பார்வையும் பார்த்துக்கொண்டார்.

அந்த ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் பெரிய வாத்தியார். அந்தப் பாதிப் பேரும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். துக்கத்துக்கு வந்து சந்தில் நின்றவர்களில் முக்கால்வாசி அவருடைய மாணவர்கள்தான். ஆனால் அவருடைய பயிற்சி வண்டியை, அவர் வீட்டு வாசலிலிருந்தே, அந்தச் செங்குத்தான சந்தில் பின்னோக்கி ஏற்ற ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் சாக்கடை. மேலே தெருமுனையில் சவ வண்டி காத்திருந்தது. இது விலகினால்தான் அது வாசலுக்கு வர முடியும்.

"வாத்தியார் இப்படிக் கோணலா நிறுத்த மாட்டாரே" என்றார் ஒருவர்.

"நெஞ்சு வலியில நேரா நிறுத்துவாங்களாக்கும்" என்றார் இன்னொருவர்.

"எனக்குக் கியர் இல்லாத வண்டிதான் பழக்கம்" என்று வாத்தியாரின் மாப்பிள்ளை யாரும் கேட்பதற்கு முன்பே கழன்றுகொண்டார். எல்லாரும் சேர்ந்து தள்ளிவிடலாம் என்று சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டினார்.

மகளுக்கு வேறு கவலை. காலையிலிருந்தே அவள் அம்மாவின் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "அம்மா இனிமே என் வீட்லதான் சித்தப்பா. இங்க தனியா விட முடியுமா? ஃப்யூஸ் போனா மாத்தத் தெரியாது. சிலிண்டர் மாட்டத் தெரியாது. கடைத்தெரு தாண்டித் தனியாப் போனதில்ல. எல்லாமே அப்பாதான்." சித்தப்பா தலையாட்டினார். மாப்பிள்ளையும் தலையாட்டினார். அம்மாவிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டால் அழுவாள் என்று நினைத்தார்கள்.

அந்த அம்மாதான் இப்போது கூடத்திலிருந்து எழுந்து வெளியே வந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நேராக வண்டியிடம் போனாள்.

"அண்ணி, நீங்க ஏன் வந்தீங்க? உள்ள போய் உக்காருங்க" என்றார் சித்தப்பா.

"கோணலா நிறுத்தினது நான்தான் தம்பி. நானே எடுத்துர்றேன். நீங்க அந்தச் சாக்கடை ஓரத்துல நிக்காதீங்க, விழுந்துருவீங்க."

துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று மகள் படியிறங்கி ஓடினாள். அதற்குள் அம்மா ஏறி உட்கார்ந்து இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். வண்டி உறுமியது, பிறகு அவசரமே இல்லாமல் பின்னோக்கி ஏறத் தொடங்கியது. மதிலிலும் உரசவில்லை, சாக்கடைப் பக்கமும் சாயவில்லை. மேலே போய்த் தெரு ஓரமாக ஒதுங்கி நின்றது. கீழே நின்ற மாணவர் ஒருவர் கைதட்ட ஆரம்பித்து, எங்கே நிற்கிறோம் என்பது நினைவுக்கு வர, கையைக் கட்டிக்கொண்டார்.

அம்மா சந்தில் இறங்கி வந்து மறுபடியும் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டாள். மகளுக்குத்தான் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நேற்று அப்பாவை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று இதுவரை தான் கேட்கவே இல்லையே என்று வெட்கமாக இருந்தது.

சவ வண்டி கிளம்பியதும், "நான் நம்ம வண்டியிலயே பின்னால வரேன்" என்றாள் அம்மா. பொம்பளைங்க மயானத்துக்கா என்று சித்தப்பா இழுத்ததை அவள் காதில் வாங்கவில்லை. மகள் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டாள்.

அது அப்பாவின் இடம். காலடியில் வாத்தியாருக்கென்று வைத்த தனி பிரேக் இருந்தது. யார் ஓட்டினாலும் அப்பாவின் கால் அதன்மேலேயே இருக்கும். அவள் கற்றுக்கொண்ட நாட்களில் வண்டியை ஓட்டியது தானா அவரா என்று அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. லைசென்ஸ் வாங்கியதோடு சரி, அதன்பிறகு அவள் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

"எப்பம்மா கத்துக்கிட்டே?"

"ரெண்டு வருஷமாச்சு. அப்பாவுக்கு முதல் தடவ நெஞ்சு வலி வந்துச்சுல்ல, அப்போ. வாடகைக் காருக்குப் போன் போட்டுட்டு வாசல்ல நின்னேன் பாரு, அந்த மாதிரி இன்னொரு தடவ நிக்கக் கூடாதுன்னு தோணிடுச்சு."

"அப்பாவா சொல்லிக்குடுத்தாரு?"

"அவரா! கல்யாணமான புதுசுல ஒரு தடவ உக்கார வெச்சாரு. அவர் போட்ட சத்தத்துல நடுரோட்டுலயே இறங்கி வீட்டுக்கு நடந்து வந்துட்டேன். அன்னிலேர்ந்து உனக்கு இது வராதுன்னு முடிவு கட்டிட்டாரு. நான் எதிர்த்தெரு குட்டை மாஸ்டர்கிட்டதான் போனேன்."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சவ வண்டிக்குப் பின்னால் போகும்போது சிரிப்பதா என்று வாயைப் பொத்திக்கொண்டாள். குட்டை மாஸ்டர் பேச்சை எடுத்தாலே அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார்.

"அவருக்குத் தெரியுமா?"

"நேத்துதான் தெரியும். ஏறுங்கன்னு கதவத் திறந்துவிட்டேன். ஒண்ணும் சொல்லாம ஏறிட்டாரு. கடைத்தெரு தாண்டினப்புறம்தான் யாருகிட்ட கத்துக்கிட்டேன்னு கேட்டாரு. சொன்னேன். 'அந்தப் பயலா? கிளட்ச்ச பாதியிலயே பிடிக்கச் சொல்லிக்குடுத்திருப்பானே'ன்னாரு. அதுக்கப்புறம் அவர் பேசல."

அம்மா ஸ்டியரிங்கை விடாமலேயே தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுதாள். மகளும் அழுதாள்.

கொஞ்ச தூரம் போனதும் அம்மாவே பேசினாள். "துணியெல்லாம் ஏன்டி மொத்தமா அடுக்கி வெச்சிருக்கே? நாலு புடவை போதும். காரியம் முடிஞ்சதும் பத்து நாள் உன்கூட இருந்துட்டு வந்துர்றேன்."

"தனியா எப்படிம்மா?"

"ஃப்யூஸ் போடத் தெரியாதுன்னு சித்தப்பாகிட்ட சொல்லிக்கிட்டிருந்தியே, காதுல விழுந்துச்சு. இத்தன வருஷமா நான்தான் போடறேன். உங்கப்பா டார்ச் பிடிப்பாரு. அதுவும் நடுங்கிக்கிட்டே."

"ஃப்யூஸ் போடறது வேற, தனியா இருக்கிறது வேற."

"ஆமா, அது வேறதான்" என்றாள் அம்மா. "அது இன்னும் தெரியாது. கத்துக்கணும்."

மயானத்துக்குத் திரும்பும் இடத்தில் சாலை சட்டென்று கீழே இறங்கியது. எதிரே ஒரு லாரி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தது. சவ வண்டி அதற்கு ஒதுங்கி வழிவிட, அம்மாவும் ஓரம் கட்டினாள். சாலையின் விளிம்பு மகளின் ஜன்னலுக்கு நேர் கீழே தெரிந்தது. அவள் தன்னை அறியாமல் காலால் ஓங்கி மிதித்துவிட்டாள்.

வண்டி தூக்கிப்போட்டு நின்றது. பின்னால் ஸ்கூட்டரில் வந்த சித்தப்பா ஹாரன் அடித்தார்.

அம்மா கோபப்படவில்லை. கியரை எடுத்துவிட்டு, லாரி தாண்டும்வரை காத்திருந்தாள்.

"காலை எடுடி" என்றாள். "நேத்து உங்கப்பாவே வைக்கல."

மகள் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையின்மேல் மடித்து உட்கார்ந்தாள். அம்மா வண்டியைக் கிளப்பினாள்.