விமானத்தில் இடமில்லாதவர்கள்

நோணாங்குப்பம் படகுத்துறையில் டிக்கெட் வாங்கி, ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றபோது பூவிழியின் செல்போன் அதிர்ந்தது. வெளிநாட்டு எண். மரியம்தான்.

முன்னால் அம்மா மணியம்மாளும் தங்கை கலைமகளும் நின்றார்கள். அக்கா ஊருக்கு வந்த சந்தோஷத்தில் கலைமகள்தான் பாரடைஸ் பீச்சுக்கு எல்லாரையும் இழுத்து வந்திருந்தாள்.

"ஆலோ" என்றாள் பூவிழி.

"மதாம் பூவி, வந்துட்டாங்க." மரியம் பிரெஞ்சில் கிசுகிசுத்தாள். "எங்க தெருவுக்கே வந்துட்டாங்க."

பூவிழி வரிசையை விட்டு விலகினாள். "அக்கா, அடுத்த போட்டு நம்மளுது, எங்க போற?" என்று கலைமகள் கத்தியது காதில் விழவில்லை.

பூவிழி ஒரு சர்வதேச நிவாரண அமைப்பில் மனிதவள அதிகாரி. மேற்கு ஆப்பிரிக்காவில் பிரெஞ்சு பேசும் நாடு ஒன்றின் தலைநகரில் மூன்று வருடமாக வேலை. புதுச்சேரியில் பள்ளிக்கூடத்திலிருந்தே பிரெஞ்சு படித்ததுதான் அந்த வேலையை வாங்கித் தந்தது. மில் மூடியபின் கட்டட வேலைக்குப் போய் அவளைப் படிக்கவைத்த அப்பா அதைப் பார்க்க உயிரோடு இல்லை. மணியம்மாளுக்கு அதனாலேயே அந்த வேலையின் மீது கூடுதல் பெருமை. "எம் பொண்ணுக்கு வீட்டு வாடகை அவங்க குடுத்துடுறாங்க. ஆஸ்பத்திரி செலவு அவங்களுது. வருசா வருசம் ஊருக்கு வந்துபோக ஏரோப்ளேன் டிக்கெட்டும் அவங்களே எடுத்துடுறாங்க" என்று கருவடிக்குப்பத்தில் தங்கள் தெருவில் கேட்டவர், கேட்காதவர் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். இந்த முறையும் அப்படி லீவில்தான் வந்திருக்கிறாள் என்று அம்மா நம்பினாள். பூவிழியும் அப்படியே நம்ப விட்டிருந்தாள்.

உண்மையில் அவள் லீவில் வரவில்லை. தப்பி வந்திருந்தாள். ஆயுதக் குழுக்கள் தலைநகரை நெருங்கியதும், வெளிநாட்டு ஊழியர்கள் எல்லாரையும் அமைப்பு தனி விமானத்தில் வெளியே கொண்டுவந்துவிட்டது. அது அவர்களின் வேலை ஒப்பந்தத்தில் உள்ள உரிமை. உள்ளூர் ஊழியர்களுக்கு அந்த உரிமை இல்லை. அவர்களுக்குச் சம்பளம் உண்டு, ஓய்வூதியம் உண்டு, மருத்துவம் உண்டு. ஆபத்து வந்தால் கொஞ்சம் முன்பணம் கொடுத்து, பாதுகாப்பான ஊருக்குப் போய்விடுங்கள் என்று சொல்வார்கள். அவ்வளவுதான். கடைசி நாள் கூட்டத்தில் இதை அவர்களுக்கு எடுத்துச் சொன்னதே பூவிழிதான். அது அவள் வேலை. கணக்குப் பிரிவிலிருந்த மரியம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பிள்ளைகளுக்கு மட்டுமாவது இடம் உண்டா, மதாம்?" என்று கேட்டாள். இல்லை என்று பூவிழி சொன்னாள். மரியம் தலையாட்டிவிட்டு நாற்காலிகளை அடுக்கப் போனாள். தலைநகரைச் சுற்றியிருந்த சாலைகள் எல்லாம் அதற்குள் மூடப்பட்டுவிட்டிருந்தன.

"இப்ப எங்க இருக்க?" என்றாள் பூவிழி. வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ஒரு புங்கமரத்தடிக்கு வந்திருந்தாள்.

"உங்க கெஸ்ட் ஹவுஸ்ல. வெளிநாட்டுக்காரங்ககிட்ட வேலை பார்த்தது யார் யாருன்னு வீடு வீடா கேட்டுட்டு வர்றாங்க. பக்கத்து வீட்டுக்காரன் எங்க வீட்டைக் கை காட்டிட்டான். பின்சுவர் ஏறிக் குதிச்சு வந்தோம். வாட்ச்மேன் இசா கேட்டைத் திறந்துவிட்டார். ஆனா எல்லா ரூமும் பூட்டியிருக்கு, மதாம். இரும்புக் கதவு முன்னாடி நிக்கிறோம்."

பின்னால் சின்னக் குழந்தை சிணுங்கியது. யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். மரியத்தின் மூத்த மகளாக இருக்கும்.

அந்த இரும்புக் கதவு பூவிழிக்குத் தெரியும். அதற்குப் பின்னால் பாதுகாப்பு அறை. தடித்த கான்கிரீட் சுவர், தண்ணீர், பிஸ்கட் பெட்டிகள், ஒரு ரேடியோ. அதுவும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு மட்டும்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனி எண். அந்த எண்ணை இன்னொருவருக்குச் சொன்னால் வேலை போகும். வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரிடமும் அந்த விதியை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியவள் அவள்தான்.

ஒரு கணம் அவள் வேலையைத்தான் நினைத்தாள். பிறகு போனுக்குள் எங்கோ தூரத்தில் படபடவென்று ஒரு சத்தம் கேட்டது. அது என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"மரியம், நான் சொல்றதை அழுத்து. மெதுவா."

ஒவ்வோர் எண்ணாகச் சொன்னாள். பக்கத்தில் ஒரு டூரிஸ்ட் வேனிலிருந்து இறங்கிய கூட்டம் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு சிரித்தபடி கடந்து போனது.

"சிவப்பு லைட் எரியுது, மதாம்!"

"பரவாயில்ல. கை நடுங்கியிருக்கும். இன்னொரு தடவை." மூன்று முறை தப்பானால் கதவு திறக்கவே முடியாமல் பூட்டிக்கொள்ளும் என்பதை அவள் சொல்லவில்லை. தன் எண்ணைத் தானே சரியாகச் சொல்கிறோமா என்று திடீரென்று சந்தேகம் வந்தது. கடைசி இரண்டு எண்கள் முன்பின்னா? கண்ணை மூடிக்கொண்டாள். விரல் அந்தப் பொத்தான்களின் மேல் போகும் விதத்தை நினைத்துப் பார்த்து, அதே வரிசையில் சொன்னாள்.

"பச்சை" என்றாள் மரியம். கதவு இழுபடும் ஓசை. பிறகு ஒன்றுமில்லை. கான்கிரீட்டுக்குள் போனால் சிக்னல் கிடைக்காது.

படகு போய்விட்டிருந்தது. மணியம்மாள் லைஃப் ஜாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவளிடம் வந்தாள்.

"யாருடி போன்ல? ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது ஒனக்கு?"

"ஆபீஸ்மா."

"ஆபீசுன்னா இப்படியா நடுங்குவாங்க?"

பதில் சொல்வதற்குள் போன் மறுபடி அதிர்ந்தது. ஒடியாம்போ. அமைப்பின் பாதுகாப்புப் பிரிவுத் தலைவர், கென்யாக்காரர். பக்கத்து நாட்டில் தற்காலிக அலுவலகம் போட்டிருந்தார்.

"பூவி, நீ எங்க இருக்க?" என்றார் ஆங்கிலத்தில், எடுத்த எடுப்பிலேயே.

"இந்தியாவுல. வீட்டுக்குப் பக்கத்துல."

"உன் நம்பர்ல கெஸ்ட் ஹவுஸ் பாதுகாப்பு அறை இப்ப திறந்திருக்கு. என் ஸ்க்ரீன்ல உன் பேர் காட்டுது. நீ திரும்பிப் போய் மாட்டிக்கிட்டியோன்னு எனக்கு உயிரே போயிடுச்சு. யார் உள்ள?"

உண்மையைச் சொன்னால் என்ன செய்வார்? எண்ணை முடக்கினால் உள்ளே இருப்பவர்கள் வெளியே வர முடியுமா? ஒரு வெளிநாட்டு ஊழியர் உள்ளே இருப்பதாகச் சொல்லிவிட்டால் உடனே அமைதிப் படையின் கவச வண்டி போகும். யார் பேரையாவது சொல்லிவிடலாமா? ஆனால் விமானத்தில் ஏறியவர்கள் யார் யார் என்று அவருக்குத் தெரியும்.

"கணக்குப் பிரிவு மரியமும் அவ ரெண்டு பிள்ளைங்களும். நான்தான் நம்பர் குடுத்தேன்."

ஒடியாம்போவின் குரல் உயர்ந்தது.

"என்ன காரியம் பண்ணியிருக்கன்னு தெரியுதா? உள்ளூர் ஊழியருக்கு நான் வண்டி அனுப்ப முடியாது. அனுமதி வாங்கணும். வாங்கறதுக்குள்ள..."

"விதியில ஒரு விலக்கு இருக்கு சார். நம்மகிட்ட வேலை பார்த்த காரணத்தாலேயே ஒருத்தருக்கு உயிர் ஆபத்துன்னா, அவங்களையும் வெளிய கொண்டுவரலாம். அவளைத் தேடி வர்றதே அதுக்காகத்தான்."

"அதை முடிவு பண்ண வேண்டியது அந்த நாட்டுக்குப் பொறுப்பான இயக்குநர்."

"அவர் இப்ப ஊருக்குப் போற விமானத்துல இருக்கார். அவரைப் பிடிக்க முடியலைன்னா நீங்கதான் சார்."

"எனக்கும் பயம் இல்லைன்னு நினைக்கிறியா?" என்றார் அவர். குரல் உடைந்திருந்தது. "கவச வண்டியில போற ஆறு சிப்பாய்களுக்கும் பிள்ளைகள் இருக்காங்க, பூவி. நான் அனுப்பி அவங்க திரும்பலைன்னா?"

அவர் போனை வைத்துவிட்டார். அனுப்புகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு படகாக வந்து போனது. கலைமகள் வாங்கிவந்த டீ கையிலேயே ஆறியது. மணியம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் பூவிழி எல்லாவற்றையும் சொன்னாள். சண்டையை, விமானத்தை, மரியத்தை, கதவை.

"அப்ப நீ லீவுல வரலியா?"

"இல்லம்மா."

"போன வருசம் தீபாவளிக்கு வந்தப்பகூட அங்க சண்டைதானா?"

பூவிழி தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா லைஃப் ஜாக்கெட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் ஆட்டோ பிடித்துக் கிளம்பினார்கள். முருங்கப்பாக்கம் தாண்டியதும் எதிரே ஒரு சவ ஊர்வலம். பறையும் பூவும் வெடியுமாக வந்தது. சரவெடி ஒன்று ஆட்டோவுக்குப் பக்கத்திலேயே வெடித்தபோது பூவிழி தங்கையின் தலையை மடியோடு அமுக்கிக்கொண்டு குனிந்துவிட்டாள். டிரைவர் திரும்பிப் பார்த்தான். வெடி நின்ற பிறகும் அவளால் நிமிர முடியவில்லை.

"ஒண்ணும் இல்லக்கா, வெடிதான். வெடிதான்க்கா" என்று அமுங்கிய குரலில் கலைமகள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வீட்டில் மணியம்மாள் அடுப்பில் கல்லைப் போட்டாளே தவிர தோசை வார்க்கவில்லை. மூவரும் கூடத்தில் தரையில் உட்கார்ந்து நடுவில் போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூவிழியின் மனம் அந்த அறைக்குள்ளேயே இருந்தது. மூத்தவளுக்கு இருட்டென்றால் பயம் என்று மரியம் ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. வெளியிலிருந்து கதவை உடைப்பார்களா? தீ வைத்தால்?

போன் அடித்தபோது மூவருமே துள்ளிவிட்டார்கள்.

"எடுத்துட்டோம்" என்றார் ஒடியாம்போ. "மூணு பேரும் விமான நிலைய முகாம்ல இருக்காங்க. சின்னவனுக்குக் காய்ச்சல், வேற ஒண்ணும் இல்ல. நாளைக்கு எல்லை தாண்டிடுவாங்க."

பூவிழி வாய்விட்டு அழுதாள். அம்மாவுக்கு மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது. "மயிலம் முருகா" என்று கைகூப்பினாள்.

"விசாரணை வரும்" என்று ஒடியாம்போ தொடர்ந்தார். "உனக்கும் வரும், எனக்கும் வரும். பாத்துக்கலாம். சிப்பாய்ங்க நல்லபடியா உள்ள போயிட்டு வந்தாங்க. கேட் திறந்தே கிடந்ததாம். ஆள் யாரும் இல்லையாம்."

அழுகை நின்றது. "இசா? வாட்ச்மேன் இசா எங்க?"

"அவர் நம்ம ஊழியர் இல்லையே, பூவி. செக்யூரிட்டி கம்பெனி ஆள். அவங்ககிட்டதான் கேட்கணும்."

விலக்கு விதியை மனப்பாடமாகச் சொன்ன அவளுக்கு, அந்த மதியம் முழுக்க இசாவின் நினைப்பு ஒருமுறைகூட வரவில்லை. அவரும் அந்தக் கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தார். உள்ளே போங்கள் என்று அவருக்கும் சேர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூன்று வருடம் தினமும் காலையில் "பொன் ஜூர்னே, மதாம்" என்று பிரெஞ்சில் நல்ல நாளாக வாழ்த்திக் கேட்டைத் திறந்துவிட்டவர். அவருடைய முழுப்பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

மறுநாள் எல்லை தாண்டியதும் மரியம் பேசினாள். இசாவையும் உள்ளே கூப்பிட்டாளாம். கேட்டில் ஆள் இல்லையென்றால் சந்தேகம் வரும், நான் வெளியிலேயே நிற்கிறேன் என்றாராம். "கதவை மூடினப்புறம் எங்களுக்கு ஒண்ணுமே கேக்கல, மதாம்" என்று சொல்லி மரியம் அழுதாள்.

விசாரணை ஒரு மாதம் நடந்தது. திரையில் தெரிந்த மூன்று முகங்களுக்கு முன்னால் பூவிழி எதையும் மறைக்கவில்லை. எழுத்தில் ஒரு கண்டனத்தோடு விட்டுவிட்டார்கள். ஒடியாம்போவை வேறு நாட்டுக்கு மாற்றினார்கள். புதிய இடத்தில் சேரச் சொல்லி அவளுக்கும் உத்தரவு வந்தது. மணியம்மாள் அதைக் கேட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். இப்போதெல்லாம் அவள் தெருவில் மகளின் சலுகைகளைப் பற்றிச் சொல்வதில்லை.

பூவிழி செக்யூரிட்டி கம்பெனிக்கு எழுதிக்கொண்டே இருந்தாள். பல வாரம் கழித்து அவர்கள் இசாவின் வீட்டு எண்ணை மட்டும் அனுப்பினார்கள். ஒரு காலை நேரம், அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது, அந்த எண்ணுக்கு அடித்தாள். நெடுநேரம் மணி போய்க்கொண்டே இருந்தது. பிறகு ஒரு பெண் எடுத்தாள்.

"இசாவோட வீடுங்களா? நான் அவர் வேலை பார்த்த கெஸ்ட் ஹவுஸ்ல இருந்தவ. பூவிழி."

மறுமுனையில் ஏதோ கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"அவர் வீட்டுக்கு வந்தாரா?"

"வரல." மிக மெல்லிய குரல். "மதாம், தயவுசெஞ்சு இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க. தெருவுல போனை வாங்கிப் பாக்குறாங்க. வெளிநாட்டு நம்பர் இருந்தா கூட்டிட்டுப் போயிடுறாங்க. எனக்கு நாலு பிள்ளைங்க."

இணைப்பு அறுந்தது. தான் அடித்த எண் இந்நேரம் அந்தப் பெண்ணின் போனில், மேலே, முதலாவதாக இருக்கும் என்பது பூவிழிக்கு உறைத்தது. அதை எப்படி அழிப்பது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா? கூப்பிட்டுச் சொல்லவும் முடியாது. தெருவில் அம்மா யாரிடமோ பேசிக்கொண்டே வருவது கேட்டது. பூவிழி போனைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு, அதைத் தொடப் பயந்து, கைகளை மடிக்குள் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.